கோழிக்குச் சொன்னது

எங்கள் அப்பத்தா அம்மாவிடம் நேராகப் பேசி நான் அதிகம் பார்த்ததில்லை. கோழியிடம் பேசுவாள். கன்றுக்குட்டியிடம் பேசுவாள். பக்கத்தில் எதுவும் அகப்படாவிட்டால் என்னிடம் பேசுவாள்.

சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். ஒரு நாள் களையெடுத்துவிட்டு வந்த அம்மா, திண்ணை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அப்பத்தா முற்றத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். சிந்திய தானியத்தைப் பொறுக்க வந்த கோழி ஒன்று, பொறுக்கி முடித்துவிட்டுத் திண்ணையோரம் ஒதுங்கியது. அப்பத்தா சுளகை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

"ஒத்த முட்டையோட நின்னுபோன கோழிக்கு நெழலு ஒரு கேடா?"

நான் கோழியைப் பார்த்தேன். அது பாட்டுக்கு இறகைக் கோதிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்து உள்ளே போய்ப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். காலையிலேயே தேய்த்துக் கவிழ்த்திருந்த பாத்திரங்கள் அவை.

அந்த ஒற்றை முட்டை நான்தான் என்று எனக்குப் புரிய இன்னும் பல வருடங்கள் ஆயின. அம்மாவுக்கு எனக்குப் பிறகு பிள்ளை தங்கவில்லை. அதை அப்பத்தா ஒரு நாளும் சொன்னதில்லை. யாராவது கேட்டிருந்தால், "நான் கோழியத்தானப்பா சொன்னேன்" என்றிருப்பாள். அவள் சொன்னதும் கோழியைத்தான்.

எங்கள் பக்கம் இதற்குச் சாடை பேசுவது என்று பெயர். சாடையில் கெட்டிக்காரி என்று ஊரில் நாலைந்து பேருக்குப் பெயர் உண்டு. அப்பத்தா அதில் முதல் வரிசை. அம்மாவுக்கும் மெல்ல மெல்ல அது கைவந்தது. இரவில் என்னைத் தட்டித் தூங்க வைக்கும்போது, "தூங்குடி தங்கம், விடிஞ்சா நமக்கு வேல கெடக்கு. உக்கார வச்சுச் சோறு போட நமக்கு யாரு இருக்கா" என்பாள். என் காதோடு சொல்ல வேண்டிய தாலாட்டு, திண்ணையில் படுத்திருக்கும் அப்பத்தா காது வரைக்கும் போகும் அளவுக்கு எழும்பும். அந்த வீட்டில் பல ராத்திரிகள் நானே கோழியாக இருந்திருக்கிறேன்.

அப்புறம் பள்ளிக்கூடம் வந்தது, அணி இலக்கணம் வந்தது. அணி என்றால் அழகு, நகை போல, செய்யுளுக்குப் பூட்டுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அணி விளக்கம், சான்று, அணிப் பொருத்தம் என்று மூன்று தலைப்புப் போட்டு அடிக்கோடிட வேண்டும். தற்குறிப்பேற்ற அணி என்றால் மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் பார்த்து 'வாரல்' என்று கைகாட்டியது. இயல்பாக நிகழும் ஒன்றின் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். பிறிது மொழிதல் அணி என்றால் 'பீலிபெய் சாகாடு' குறள். உவமானத்தை மட்டும் சொல்லி உவமேயத்தைப் பெறவைப்பது. எல்லாவற்றையும் ஒப்பித்தேன், முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பத்தா கன்றுக்குட்டியிடம் பிறிது மொழிந்துகொண்டிருப்பாள். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. அணி என்கிற அந்தப் பெயர்தான் மறைத்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். நகையைக் கழற்றி வைத்தாலும் ஆள் அப்படியே இருப்பார். அப்பத்தா பேச்சிலிருந்து கோழியை எடுத்துவிட்டால் அங்கே பேச்சே இருக்காது, சண்டைதான் இருக்கும்.

இந்த முடிச்சை எனக்கு அவிழ்த்தது குறுந்தொகையின் எட்டாம் பாட்டு. கல்யாணமாகி, பையன் பிறந்து, அவன் தூங்கும் நேரத்தில் கையில் கிடைத்ததைப் படித்த காலம். ஆலங்குடி வங்கனார் பாடியது, மொத்தமே ஆறு அடி.

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே.

வயலோரத்து மாமரம். பழுத்து உதிர்கிற இனிப்பான பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊர்க்காரன் அவன். எங்கள் வீட்டில் இருக்கும்போது பெரிய பேச்செல்லாம் பேசுவான். தன் வீட்டுக்குப் போய்விட்டால், நாம் கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்குகிற கண்ணாடி உருவம் மாதிரி, தன் மகனுடைய தாய் விரும்பியதையெல்லாம் செய்வான். சொல்கிறவள் அவனுடைய பரத்தை, மனைவியை விட்டு அவன் தேடி வருகிற பெண்.

பாட்டைவிட என்னை முதலில் நிறுத்தியது அதன் கீழே இருந்த குறிப்பு. பாடியவர் எழுதியதல்ல, தொகுத்தவர்களோ பின்னால் வந்தவர்களோ சேர்த்தது. தலைவி, அதாவது அவன் மனைவி, தன்னைப் பற்றிப் புறம் பேசினாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, அந்தத் தலைவிக்கு வேண்டியவர்கள் 'கேட்பச் சொல்லியது' என்று இருந்தது. கேட்பச் சொல்லியது! அவர்களிடம் சொல்லவில்லை, அவர்கள் காதில் விழும்படி சொன்னாள். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முற்றமும் சுளகும் கம்பும் அப்படியே எதிரில் வந்து நின்றன.

இந்தச் சாடையை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தலைவியின் குற்றச்சாட்டு என்னவாக இருந்திருக்கும்? என் புருஷனை இவள் வளைத்துப் போட்டுவிட்டாள் என்பதுதான். அதற்குப் பதில் முதல் இரண்டு அடியில் இருக்கிறது. பழம் தானாகப் பழுத்தது, தானாக விழுந்தது. மீன் மரமேறிப் பறித்ததா? இருந்த இடத்திலேயே இருந்தது, வந்து விழுந்ததைக் கவ்வியது. நான் கூப்பிடவில்லை, அவன்தான் வந்தான் என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. ஊரின் அழகைச் சொல்வது மாதிரி மரத்தையும் மீனையும் சொல்லிவிட்டுப் போகிறாள். இதைத்தான் தொல்காப்பியம் உள்ளுறை என்கிறது. நிலத்தில் உள்ள மரம், மீன், பறவை இவற்றின் செயலை மட்டும் சொல்லி, மனிதர் செய்தியை உள்ளே வைத்துவிடுவது. தெய்வத்தை மட்டும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு விலக்கும் அங்கே உண்டு.

அடுத்து, ஆடிப்பாவை. இங்கே 'போல' வந்துவிட்டது, வெளிப்படையான உவமை. கண்ணாடியில் தெரிகிற உருவத்துக்குக் கையும் உண்டு, காலும் உண்டு. சொந்தமாக ஒரு அசைவு கிடையாது. தன்னைத் திட்டியவளுக்கு இவள் கொடுக்கும் அடி அதுதான்: உன் வீட்டில் அவன் அசைவதெல்லாம் நீ அசைப்பது. ஆனால் எனக்கு அந்தப் பாட்டில் மிகவும் வலிக்கிற இடம் கடைசி மூன்று சொல். 'தன் புதல்வன் தாய்க்கே.' மனைவி என்று சொல்லவில்லை, பெயரும் சொல்லவில்லை. மகனுக்குத் தாய். உனக்கு அங்கே இருக்கும் பிடி அந்தப் பிள்ளை ஒன்றுதான் என்று குத்துகிறாளா? எனக்கு அந்தப் பிள்ளையும் இல்லையே என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டாளா? ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு இது மாறி மாறித்தான் கேட்கிறது. ஒற்றை முட்டை என்று ஒருத்தி கேட்க வளர்ந்தவள் நான், அதனாலும் இருக்கலாம்.

அந்தக் குறிப்புகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தபின் சங்கப் பாட்டு முழுக்கச் சாடை நிறைந்திருப்பது தெரிந்தது. 'தலைவன் சிறைப்புறத்தானாக' என்று பாட்டுக்குப் பாட்டு வரும். அவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். நிற்பது தோழிக்குத் தெரியும். தெரியாதவள் போல அவள் தலைவியிடம் பேசுகிறாள்: ஊர் பேசுகிறது, அம்மா சந்தேகப்படுகிறாள், இரவில் வருகிற வழியில் யானை நிற்கிறது. ஒவ்வொரு வார்த்தையும் வேலியைத் தாண்டிப் போக வேண்டிய வார்த்தை. சீக்கிரம் வந்து கல்யாணம் பண்ணிக்கொள் என்று நேரே கேட்டால் இவர்கள் இறங்கி வந்து கேட்டதாகிவிடும், அவனும் ஒரு பதில் சொல்லித் தப்பித்துவிடலாம். காதில் விழுந்த பேச்சுக்கு அவன் என்ன பதில் சொல்ல முடியும்?

தொல்காப்பியர் இதற்கு ஒரு பட்டியலே போட்டிருக்கிறார் என்று தெரிந்த நாள் எனக்கு மறக்காது. செய்யுளியலில் வருகிறது.

ஞாயிறு திங்கள் அறிவே நாணே
கடலே கானல் விலங்கே மரனே
புலம்புறு பொழுதே புள்ளே நெஞ்சே

இவையும் இவை போன்ற பிறவும் சொல்வது போலவும் கேட்பது போலவும் வைத்துப் பேசலாம் என்கிறது அந்தச் சூத்திரம். சூரியன், நிலா, ஒருவருடைய அறிவு, வெட்கம், கடல், கடற்கரைச் சோலை, விலங்கு, மரம், தனிமையில் வாட்டுகிற மாலைப்பொழுது, பறவை, நெஞ்சு. பேச ஆளில்லாதவர்களுக்கும், ஆளிருந்தும் பேச முடியாதவர்களுக்கும் யார் யார் துணைக்கு இருக்கிறார்கள் என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்தது போல இருக்கிறது எனக்கு. அப்பத்தாவின் கன்றுக்குட்டி அதில் விலங்கு. கோழி, புள். அம்மா அடுப்படியில் தனக்குத்தானே முனகிக்கொண்டிருப்பாளே, அது நெஞ்சு. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரத்தில் கைநாட்டு வைத்தவள்.

சரி, பள்ளிக்கூடத்தில் படித்த அணிகளை இந்தக் கோழியை வைத்தே திரும்பப் படித்துப் பார்க்கலாம். "இவ ஒத்த முட்டையோட நின்னுபோன கோழி மாதிரி" என்று அப்பத்தா சொல்லியிருந்தால் அது உவமை. 'மாதிரி' என்ற சொல்லும் இருக்கிறது, ஆள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். 'மாதிரி'யை எடுத்துவிட்டு, "கோழி ஒத்த முட்டையோட நின்னுபோச்சு, மருமக ஒத்தப் பிள்ளையோட நின்னுபோனா" என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் எடுத்துக்காட்டு உவமை. 'அகர முதல' குறளில் நடப்பது அதுதான். "மருமகக் கோழி" என்று இரண்டையும் ஒன்றாக்கியிருந்தால் உருவகம். இந்த மூன்றில் எதைச் சொல்லியிருந்தாலும் அம்மா திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஏனென்றால் மூன்றிலும் மருமகள் இருக்கிறாள். அப்பத்தா மருமகளை மொத்தமாக எடுத்துவிட்டாள். கோழி மட்டும் மிச்சம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் இதை ஒட்டு என்கிறது: கருதியதை மறைத்து, அதைப் புலப்படுத்த ஒத்த வேறொன்றைச் சொல்வது. இதற்கு இன்னொரு பெயர் உண்டு, நுவலா நுவற்சி. சொல்லாமல் சொல்வது. பீலிபெய் சாகாடு குறளின் உரையில் பரிமேலழகர் அந்தப் பெயரையும் குறிப்பிடுகிறார். இலக்கணத்தில் இத்தனை அழகான ஒரு பெயர் இருந்தும் அது ஏன் பாடப்புத்தகத்தில் என் கண்ணில் படவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

அந்தக் குறளையும் இப்போது வேறு மாதிரிதான் படிக்கிறேன்.

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்.

மயிலிறகு ஏற்றிய வண்டியும் அச்சு முறியும், அந்த இறகையே அளவு மீறி ஏற்றினால். அவ்வளவுதான் இருக்கிறது. அரசன் இல்லை, பகைவன் இல்லை, போர் இல்லை. வலியறிதல் என்ற அதிகாரத்தின் பெயரை மறைத்துவிட்டு ஒரு வண்டிக்காரரிடம் இதைச் சொன்னால், ஆமாம், பாரம் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும் என்பார். தலைப்புதான் வேலிக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்று காட்டுகிறது. சிறிய பகைவர்கள்தானே என்று பலரை ஒரே சமயத்தில் சேர்த்துக்கொள்ளாதே, நீ எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் முறிந்துபோவாய். இதை இப்படி உடைத்து எழுதியதுமே எவ்வளவு சப்பென்று ஆகிவிட்டது பாருங்கள். 'சாகாடும்' என்பதில் ஒட்டியிருக்கும் அந்த 'உம்' மட்டும் என்ன வேலை செய்கிறது! மரத்தாலும் இரும்பாலும் ஆன வண்டி, கையில் வைத்தால் கனமே தெரியாத இறகு. முறிவது எது என்று யோசிக்க வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கேட்கிறவர் அரசர். நீ முட்டாள்தனம் பண்ணுகிறாய் என்று அவரிடம் யார் சொல்வது? வண்டியைப் பற்றிச் சொல்லலாம்.

அரசர் முன்னால் நின்று அப்படிச் சொல்லியும் இருக்கிறார் ஒருவர். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார் ஔவையார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டுகிறான். அதற்கு அவர் பாடுகிறார்: இவையோ மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் மிகுந்த அரண்மனையில் இருக்கின்றன. அவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனுடைய சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன. பள்ளியில் இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று எழுதினோம். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. பகை அரசனின் ஊரில், அவன் ஆயுதங்களுக்கு நடுவே, ஒரு பெண் நிற்கிறார். ஒரு சொல்கூட இகழ்ச்சியில்லை. உன் வேல் புதுசாக மின்னுகிறது என்கிறார். எங்கள் வேல் பட்டறையில் இருக்கிறது என்கிறார். போர் பார்க்காத வேல்தான் மின்னும் என்பதை அவனே நினைத்துக்கொள்ள வேண்டும். அவன் கோபப்பட வேண்டுமானால், தனக்குப் புரிந்துவிட்டது என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்பத்தா பேச்சில் இருந்த கொடுமையும் இதே இடத்தில்தான் இருந்தது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. அம்மா கோபப்பட வேண்டுமானால் அந்தக் கோழி நான்தான் என்று அவளே சொல்ல வேண்டும். அது எந்த மருமகளாலும் முடியாது. ஔவையாருக்கும் தோழிக்கும் வேறு வழியில்லை, எதிரில் நின்றவர் கை ஓங்கியிருந்தது. அப்பத்தாவுக்கு வழி இருந்தது. வீட்டுச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவள் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து மனதில் இருப்பதைக் கேட்டிருக்கலாம், சேர்ந்து அழுதிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று வெகுநாள் கோபமாக இருந்தேன். அப்பத்தா பதினாலு வயதில் அந்த வீட்டுக்கு வந்தவள். தாத்தா எதிரில் அவள் உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை. நேராகப் பேசுவது என்று ஒன்று இருப்பதையே அந்த வீடு அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்று பிறகு தோன்றியது. கோபம் முழுதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு பேச்சைக் கேட்டால் யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்பதோடு நிறுத்தாமல், யார் காதில் விழச் சொல்கிறார், அவர்களில் யார் கை ஓங்கியிருக்கிறது என்றும் பார்க்கிற பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

இன்று இந்தப் பழக்கம் எங்கேயும் உதவுகிறது. அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "சில பேர் நேரத்துக்கு வர்றதில்ல" என்பார். வந்திருப்பது ஏழு பேர், அந்தச் சில பேர் யார் என்று ஏழு பேருக்கும் தெரியும். எங்கள் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க நன்றி கெட்டவர்களைப் பற்றிய பொன்மொழிகளாக இருக்கும். அதைப் போட்டவர், யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலில் ஒரே ஒரு பெயரைத்தான் தேடுவார்.

அப்பத்தா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அப்பாவும் இல்லை. அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள், கோயம்புத்தூருக்கு வந்து என்னோடு இரு என்றால் கேட்பதில்லை. கோழி வளர்ப்பதை விட்டுவிட்டாள். ஒரு பூனை வந்து போகிறது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஃபோன் செய்வேன். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, அங்கே மழையா என்று பத்து நிமிடம். ஊருக்கு வா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு வேலை இருக்கிறது, பையனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, கேட்டால் நான் சங்கடப்படுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

போன மே மாதம் ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் பூனை வந்திருக்கிறது போல. அம்மா ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் அதனிடம் பேச ஆரம்பித்தாள்.

"என்ன, ஒனக்கும் பொழுது போகலையா? கொல்லையில மாம்பழம் எல்லாம் பழுத்துப் பழுத்துக் கொட்டுது. திங்க ஆளுதான் இல்ல. அணிலு தின்னுட்டுப் போவுது. நீ மாம்பழம் திம்பியா?"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அம்மா மறுபடி, "ம், அப்புறம்?" என்றாள், ஒன்றும் சொல்லாதவள் மாதிரி.

பையன் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான். நான் ஃபோனை வாயருகிலேயே வைத்துக்கொண்டு அவனிடம் கேட்டேன்.

"டேய், லீவு விட்டு எத்தன நாளாச்சு, வீட்டுக்குள்ளயே கெடக்குற. வெள்ளிக்கிழம ராத்திரி பஸ் ஏறுனா விடியக்காலம் அம்மாச்சி வீடு. மாம்பழம் திங்க வர்றியா?"

அவன் நிமிர்ந்து பார்த்து, "என்னயவா கேக்குற?" என்றான்.

ஃபோனில் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு பூனைக்குச் சோறு வைக்கிற தட்டு தரையில் படும் சத்தம் கேட்டது. "வயிறாரச் சாப்டு" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.